ஐந்து மதிப்பெண் வினா

தக்கலை. விடைத்தாள் கட்டு. மூன்றாவது சாயா.
சங்கம், பல்லவர், சோழர், நாயக்கர் என்று
நாற்பது பேரும் ஒரே கையேட்டை ஒப்பித்திருக்கிறார்கள்.
அரசன் செத்த மறுநாள்
வெண்பாவும் சட்டை மாற்றிக்கொள்கிறது.

ஆன்லின் ஷைபா மட்டும்
நாயக்கரில் நின்றுவிட்டாள்:
"எங்க ஊர்ல அப்ப வேணாட்டு ராஜாதானே சார்,
இங்க இருந்து எழுதினவரு எந்தக் காலம்?"
அதோடு சரி. அடுத்த பக்கம் காலி.

களியக்காவிளை பஸ்ஸில் ஒருநாள்
ஒருத்தி கண்டக்டரை ஏசத் தொடங்கினாள், தமிழில்.
அது எந்த வளைவில் மலையாளமானது என்று
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
பிடிபடவில்லை.
அவளுக்குச் சில்லறை கிடைத்துவிட்டது.

விடைக்குறிப்பில் இதற்கு மதிப்பெண் இல்லை.
காலிப் பக்கத்தில் குறுக்குக் கோடு போடுவது விதி.
சிவப்புப் பேனாவை மூடி வைத்திருக்கிறேன்.
சாயாவில் ஆடை படிகிறது.