நாற்பது செக்கன்

நிந்தவூர், தரம் எட்டு, பதிவு பன்னிரண்டு.
மின்விசிறி இரைச்சலிலிருந்து
பிள்ளைகளின் குரலைப் பொறுக்கி எழுதுகிறேன்.

'பாகைமானி எங்க கா?'
'ஸம்ஹாக்கிட்ட. பாதிதான் இரிக்கு.'
மறுகா நாற்பது செக்கன்
எதுவுமில்லை.

இல்லாததற்கு இரண்டு புள்ளி வைப்பது வழக்கம்.
ஆனால் நான் அந்த வாங்குக்குப் பின்னால்தான் இருந்தேன்.
தொண்ணூறோடு முறிந்த பாகைமானி
விரிகோணத்துக்கு எட்டவில்லை.
அடிமட்டமும் இல்லை.
ருஸ்தா கொப்பி விளிம்பை வைத்தாள்,
கோட்டை மறுபக்கம் நீட்ட.
அஸ்ஃபர், கேட்காமலே,
தன் சீவிய பென்சிலைத் தள்ளிவிட்டான்.
அறுபது என்று ஸம்ஹாவின் உதடு அசைந்தது.
நூற்றியிருபது என்று எழுதியது
ருஸ்தாவின் கை.

படிவத்தில் 'கற்றவர் பெயர்':
ஒரேயொரு பெயர் கொள்ளும் பெட்டி.
மேற்பார்வையாளரோ முக்கோணம் கீறச் சொல்கிறார்,
ஆள், கருவி, இலக்கு.
கீறினேன்.
ஆளின் மூலையில் மூன்று பேர்
நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.
கொப்பி விளிம்பு எந்த மூலைக்கும் போகமாட்டேன் என்கிறது.

நாற்பத்தோராவது செக்கனில் ஓர் இருமல்.
என்னுடையது.

ருஸ்தா திரும்பிப் பார்த்தாள்.
முறிந்த பாகைமானியை
உள்ளங்கையால் மூடினாள்.

அதற்கும்
இரண்டு புள்ளிதான்.