நாற்பத்து நான்காம் எண்

யோஸ்தைன் நல்ல மனிதன்.
உலருடையை அரை விலைக்குக் கொடுத்தான்.
வால்வு புதுசு, ஜிப்புக்கு மெழுகு பூசியிருந்தது,
கழுத்து ரப்பரில் ஒரு கீறல் இல்லை.
உடையோடு ஒட்டிப் பிறந்த பூட்ஸ் மட்டும்
நாற்பத்து நான்கு.

ராக்னாவுக்கு முப்பத்தெட்டு.
அதிலும் இடது கொஞ்சம் பெரிது.
பதினாறு வயதில் நண்டுக்கூடு விழுந்து
பெருவிரல் பக்கவாட்டில் வளர்ந்துவிட்டது.

மூன்று சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்றான் ஒட்வார்,
தன் அளவுக்கே வாங்கியதைப் போட்டுக்கொண்டு.
போட்டாள்.
போதாமல், பழைய கம்பளித் தொப்பி ஒன்றைக் கிழித்து
முனைகளில் திணித்தாள்.
படகின் தளத்தில் நடந்தபோது
வேறு யாரோ இரண்டு பேர் முன்னே போக
இவள் பின்னால் வருவதுபோல் இருந்தது.

ஃப்ரொயா தீவுக்கு வடமேற்கே, மார்ச் மாதம்.
தண்ணீர் நாலு டிகிரி.
பதினெட்டு மீட்டரில் மணல்.
மணலில் பாதி புதைந்த விசிறிச்சிப்பிகள்,
ஒன்று கிலோவுக்கு இவ்வளவு என்று மனம் கணக்கிட்டபடி இருக்க
பாறையிடுக்கில் கிடந்த பெரியதற்காகத்
தலைகீழாகக் குனிந்தாள்.

காற்றுக்குத் தெரிந்த ஒரே வழி மேலே.
அப்போது மேலே இருந்தது பாதம்.

கால் என்றால் காற்று என்றும் ஒரு பொருள் உண்டு,
பழைய பொருள்.
அன்று காலுக்குள் கால் புகுந்தது.
காலி இடம் நிறைய இருந்ததால்
நிறையவே புகுந்தது.
பூட்ஸ் உப்பியது,
பாதம் அதிலிருந்து கழன்று
உடையின் கணுக்கால் குழாயில் வந்து நின்றது,
துடுப்பு யாருக்கோ டாட்டா காட்டியது.
தோளிலிருந்த வால்வு இப்போது அடியில்.
அழுத்தினாள், அழுத்தினாள்.
கவிழ்த்த குடத்துக் காற்று எங்கே போகும்?

பதினான்கு. பதினொன்று.
மணிக்கட்டில் கணினி கத்தியது.
மூச்சை அடக்காதே, மூச்சை அடக்காதே.
முழங்காலை மார்போடு இறுக்கி
ஒரு பந்தாகி
உருண்டாள்.
ஏழு மீட்டரில் தோள் மேலே வந்தது.
உடை ஒரு நீண்ட ஏப்பம் விட்டது.

இடது துடுப்பு அவளுக்கு முன்பே போய்
ஒட்வாரின் படகைத் தட்டியிருந்தது.
அவன் அதைக் கையில் பிடித்தபடி நின்றான்,
எதுவும் சொல்லாமல்.
சொல்லியிருந்தால் அதாலேயே அடித்திருப்பாள்.

ட்ரொண்ட்ஹைம் கடைக்கு மாலை நாலு மணிக்குப் போனாள்,
நாளெல்லாம் நின்று கால் வீங்கிய பிறகு.
சாக்ஸ் கொடுக்கட்டுமா என்றாள் யோர்டிஸ்.
வேண்டாம், கடலுக்குப் போடும் சாக்ஸையே
பையில் கொண்டுவந்திருந்தாள்,
இரண்டு அடுக்கு, மீன்வாடையோடு.
முப்பத்தெட்டு பார்க்க அழகாயிருந்தது.
பத்து நிமிடத்தில் விரல்கள் பேச்சை நிறுத்தின.
முப்பத்தொன்பதில் மண்டியிட்டாள்,
குதிகாலைத் தூக்கினாள்,
கடையின் ஏணியில் ஏறி
மேல்தட்டின் முகமூடிகளைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.
ஒரு சிறுவன் வாய்பிளந்து நின்றான்.
நாற்பதில் இடது சரி.
வலது ஒரு நூல் தளர்வு.
கயிறு எதற்கு இருக்கிறது, என்றாள் யோர்டிஸ்.

செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்பார்கள்.
இங்கே தறித்தது செருப்பைத்தான்.
பழுதுபார்ப்பவர் அந்த நாற்பத்து நான்கை
உடையிலிருந்து வெட்டியெடுத்து
மெல்லிய நியோப்ரீன் காலுறை ஒட்டினார்.
அதன்மேல் கயிறு கட்டும் பூட்ஸ்.
பூட்ஸ் பருமன், பழைய துடுப்பு ஏறவில்லை.
அதற்கும் ஒரு செலவு.
யோஸ்தைனின் அரை விலை
முழு விலையைத் தாண்டி எங்கோ போயிற்று.

ஏப்ரலில் அதே மணல், அதே பாறையிடுக்கு.
நாற்பத்தொரு நிமிடம்.
வலைப்பை கனத்தது.

ஏணியில் ஏறியவளிடம் ஒட்வார் கேட்டான்:
எப்படி இருந்தது?

எது, என்றாள்.