பொலித்தீன் உறை

அனுராதபுரச் சந்தி ஷோரூம்.
கண்ணாடிக்கு வெளியே மத்தியான வெயில்.
"சீற்றுத் துணி பழைய மீன்வலையில் செய்தது" என்றேன்.
டெல்வின் ஐயா குனிந்து மணந்து பார்த்தார்.
நாற்பது வருசம் கொட்டியாரக் குடாவில்
வலை இழுத்தவரின் மூக்கு.
"ஒண்டும் மணக்கேல்லையே" என்றார்
ஏமாந்தவர் போல.

மனைவி கதவின் உட்பலகையை
வத்தகப்பழம் தட்டுவதுபோலத் தட்டினா.
சணல், அக்கா. அமுக்கினது.
"சாக்குக்கோ தம்பி இவ்வளவு காசு?"

தோல் சீற் மூன்று இலட்சம் கூட என்றதும்
இரண்டு முகத்திலும் தோலுக்கு ஒரு மரியாதை.
நான் கடலைச் சொன்னேன், ஆமையைச் சொன்னேன்.
லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டார்.

கடைசியில் வலையைத்தான் எடுத்தார்கள்.
"தோல் வெயிலுக்குச் சுடும்."
அவ சொன்னது அவ்வளவுதான்.

சாவி கொடுக்கும்போது
சீற்றின் பொலித்தீனைக் கழற்றப் போனேன்.
கையைப் பிடித்துவிட்டார்:
"கிடக்கட்டும் தம்பி, ஊத்தை பிடிக்கும்."

சரசரவென்று அமர்ந்து
உப்புவெளிப் பக்கம் திரும்பினார்கள்.

என் ஸ்கூட்டரின் உறைக்கு மூன்று வயது.
ஒரு மூலை இன்னும் ஒட்டியிருக்கிறது.
வெயில் தின்றது போக
மிச்சம் எந்தப் பக்கம் பறந்ததென்று
நான் பார்க்கவில்லை.