நைட் டூட்டி

சந்தனமாரிக்குச் சொல் வருவது
கோயிலில் அல்ல.
பெரியாஸ்பத்திரி இரண்டாம் மாடியில்,
பினாயில் வாளி பாதி காலியாகும்போது.

முதலில் காதுமடல் சுடும்.
பிறகு உப்புக்காற்று.
ராமேஸ்வரம்கூடப் போகாதவள்,
வைகையில் தண்ணீர் வந்தாலே
பஸ்ஸில் எழுந்து நின்று பார்ப்பவள்,
"கடல் வந்துருச்சுக்கா" என்று
என் கையைப் பிடிப்பாள்.

பதினாலாம் கட்டில்காரர் மகனை
ராத்திரியே வரச்சொல் என்றாள்.
வந்தான். விடியுமுன் ஆம்புலன்ஸ் பேசவேண்டியிருந்தது.
ஏழாம் கட்டிலை எல்லாரும் கைவிட்டபோது
"இது நடந்தே வீட்டுக்குப் போகும்" என்றாள்.
போனது, செருப்பை மறந்துவிட்டு.

கான்ட்ராக்டர் முத்தழகு மெமோ கொடுத்தார்,
பணி நேரத்தில் குறி சொல்வதாக.
கோரிப்பாளையத்தில் ஒரு தாயத்து,
அவனியாபுரத்தில் ஒரு ஜெபம்,
எதற்கும் அது அடங்கவில்லை.
முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு
வராந்தா முழுக்கத் துடைத்தாள் ஒரு மாதம்.
பல்லில் சாயம் ஏறியது.
அந்த மாதம் நாங்கள் யாரும்
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடி கடைசி வெள்ளி, விடிகாலை மூன்று மணி.
லிஃப்ட் ஓரம் முத்தழகு.
கையில் மகளின் ஸ்கேன் உறை,
சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது.
"மாரி" என்றார். அதற்குமேல் குரல் இல்லை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.
காதுமடல் சிவப்பதை நான் பார்த்தேன்.
வாய்த்துணியை உருவினாள்.

"ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி இருக்கு சார்.
எனக்கு மட்டுமில்ல, பதினொரு பேருக்கு.
அத எழுதிக்கங்க மொதல்ல.

உறையப் பிரிக்க வேணாம்.
இப்படி உக்காருங்க."