செக்குபந்தி

கொழிஞ்சாம்பாறையில் நான் ஆதாரம் எழுதுகிறவன்.
உங்கள் பக்கம் பத்திரம் என்பீர்கள்.
விற்பவர் பெயரை ஒருமுறை படிப்பேன்,
செக்குபந்தியை மூன்று முறை.
வடக்கே வாய்க்கால்,
கிழக்கே மதராஸ் எல்லைக்கல்,
தெற்கே நல்லணக் கவுண்டர் பனங்காடு
என்று சுற்றிலும் இருப்பதைச் சொல்லிவிட்டால்
நடுவில் இருப்பது தானே நிலைக்கும்.

அந்தத் தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன்,
பிரிஸ்டலிலிருந்து ஜோன் அம்மாள் கேட்டதை.
அண்ணன் டெனிஸ் வின், சார்ஜென்ட்.
எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டியவர்.
நாற்பத்து நான்கு மார்ச், பர்மாக் காட்டில்
காணவில்லை, இறந்ததாகக் கொள்ளவும்
என்று தாய்க்கு வந்த தாள் சொல்கிறது.
சம்பளமோ ஜனவரியோடு நிற்கிறது.
கடைசிப் புகைப்படம் முழுக்கப் பனைகள்.
பின்னால் பென்சிலில்:
பொள்ளாச்சிக்கு மேற்கே. காற்று நல்ல காற்று.

நல்ல காற்றுதான்.
தை மாதம் கணவாய்க்குள் புகுந்தால்
கொடியில் ஒரு வேட்டியை நிற்க விடாது.

சித்தூர் ரிக்கார்டு அறையில் பன்னிரண்டு நாள்.
கறையான் மிச்சம் வைத்த மலையாளம்:
கொல்லம் 1119, மகரம் ஒன்பது.
ஆகாயக் கப்பல் ஒன்று. யந்திரம் இல்லை.
வால் கொச்சியில். மூக்கு பிரிட்டிஷ் எல்லைக்குள் ஏழு கோல்.
மேல்நடவடிக்கை அங்குள்ளவர்கள்.
அங்குள்ளவர்கள் எழுதியது ஒரே வரி:
வால் கொச்சியில் கிடப்பதால் நமக்குச் சம்பந்தமில்லை.

சாட்சி, கள் இறக்கும் கண்டமுத்தன்.
பனை உச்சியில் இருந்திருக்கிறான்.
எனக்குக் கீழே போச்சு.
பருந்தோட முதுகை அன்னைக்குத்தான் பார்த்தேன்.
உள்ளே இரண்டு துரை.
ஒருத்தர் அசையலை.
ஒருத்தர் எழுந்து தண்ணி கேட்டார், குடுக்கையை நீட்டினேன்,
இடக்கையால் வாங்கிக் குடிச்சார்.
ராத்திரி லாரி வந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போச்சு.

அன்றே ஜோனுக்கு எழுதினேன்.
உங்கள் அண்ணன் இடக்கைக்காரரா?

ஐந்து வாரம் கழித்துப் பதில்.
பிறவியில் இடக்கை.
பள்ளியில் பிரம்பால் அடித்து மாற்றிவிட்டார்கள்.
கரண்டி வலது. பந்து வலது. பேனா வலது.
தாகத்துக்கு எந்தக் கை, தெரியாது.
அவன் போகும்போது எனக்கு ஆறு வயது.

குடித்தவர் டெனிஸ் என்றால்
ஆறு வாரம் கழித்து பர்மா, இன்னொரு இருட்டு, இன்னொரு தரை.
கிடந்தவர் டெனிஸ் என்றால்
ரங்கூன் தூணில் அவர் பெயர் நிற்பது
யாருடைய சாவின் மேல்?
சம்பளம் நின்றதற்கு
ஒரு குமாஸ்தாவின் காய்ச்சலும் காரணமாகலாம்.
என் தொழிலில் பார்த்திருக்கிறேன்.

ஒரு ராத்திரி செக்குபந்தி போட்டுப் பார்த்தேன்.
கிழக்கே பர்மா.
மேற்கே மகரம் ஒன்பது.
வடக்கே ஜோனின் ஆறு வயது.
தெற்குக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நிலம் இப்போது மயிலாத்தாள் பேரில்.
டேப்பை நான் விரித்ததும் ஓடி வந்தாள்.
சிலுவை கிலுவை நடுவீங்களா?
நட்டா அப்புறம் விலை போகுமா?
நடமாட்டோம் என்றேன்.
நம்பாமலே கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.
உருளைக்கு அச்சாக ஒரு எஃகுக் குழாய்,
ஒரு முனையில் நகமளவு பச்சைச் சாயம்.
மாமனார் போட்டதாம். எங்கே எடுத்தார், கேட்டதில்லை.
இன்னும் தேயவே இல்லை பாருங்க என்று
இறைத்துக் காட்டினாள்.
கிரீச்சென்றது.
வெயிலில் நின்றவனுக்கு ஒரு செம்பு நீட்டினாள்.

எந்தக் கையால் வாங்கினேன் என்று
குடித்து முடித்த பிறகுதான் யோசித்தேன்.