பெயர்: கொள்ளு

வந்த முதல் வாரம்
எல்லோரும் வயிற்றைத்தான் பாராட்டினார்கள்.
"நல்லா சாப்பிடுது போல" என்றார்
எதிர்வீட்டு எஸ்தர் அக்கா.
கவிழ்த்த கிண்ணமாய் உப்பி
தரையை உரசிக்கொண்டு நடந்தது அந்த வயிறு.
எனக்குப் பெருமை.
ஆவின் பால், குழைந்த பச்சரிசி,
ஞாயிறானால் காசிமேட்டு மத்தி,
முள் எடுத்தது என் கை.

அயனாவரத்தில் ஒரு கல்யாண மண்டபம்,
முகூர்த்தம் இல்லாத நாளில் நாய்க்குட்டி முகாம்.
எதற்கோ அடித்த ஃபார்மை இதற்கும் நீட்டினார்கள்.
'உறவுமுறை' என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.
கொள்ளு நிறம். அதனால் கொள்ளு.

நான் லேப் டெக்னீஷியன்.
புரசைவாக்கத்தில், நகைக்கடைக்கு மேலே,
பதினொரு வருஷமாய்
ஊரார் வயிற்றை ஸ்லைடில் தேய்த்துப் பார்ப்பவள்.
உப்புநீர் ஒரு சொட்டு, அயோடின் ஒரு சொட்டு,
மேலே கண்ணாடிச் சில்லு.
கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை
என்று நான் சொல்வதில்லை, மற்றவர்கள் சொல்வார்கள்.

இவள் ராத்திரியில் இருமினாள்.
மார்கழிப் பனி என்றேன்.
முடி சொரசொரத்தது.
மெட்ரோ வாட்டர்மேல் பழியைப் போட்டேன்.

பத்தாம் நாள் விடியலில்
சமையலறை மொசைக்கில் வாந்தி.
நடுவில் நாலைந்து இழைகள்.
வேகாத சேமியா என்று நினைத்துக்கொள்ள
எனக்கு ஒரு நொடி கொடுத்தேன்.
சேமியா நெளிந்தது.

அன்று கடைசி ஆளும் ரிப்போர்ட் வாங்கிப் போனபின்
பையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்தேன்.
லேபிள் ஒட்டாமல் எதையும் தொட்டுப் பழக்கமில்லை.
பெயர்: கொள்ளு. பால்: பெண்.
வயது: மூன்று மாதம், தோராயமாக.
டாக்டர் பெயர் எழுதும் இடத்தில்
என் பெயரை எழுதினேன்.

லென்ஸைத் திருப்பி நாற்பதில் வைத்தேன்.
சீத்தாப்பழத் தோலோடு, பழுப்பாய்,
உருண்டையாய் ஒரு முட்டை.
பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில்.
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.
சொல்லக் கூடாது, அழகாய்த்தான் இருந்தன.

வேப்பேரி டாக்டர் குமுதவல்லி
சீட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்:
"தாய்கிட்டேருந்து வர்றதும்மா.
வயித்துல இருக்கும்போதே ஏறிடும்."
எந்தத் தெருவில், எந்த லாரிக்கு அடியில்
ஈன்றுவிட்டுப் போனாளோ,
கொடுத்தனுப்ப அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.
என் அம்மா எனக்குச் சர்க்கரையைக் கொடுத்தாள்.
காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

எடைக்குத் தகுந்த மருந்து.
மெஷினில் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்,
பிறகு நான் மட்டும்.
கழித்தால் மூன்று கிலோ இருநூறு.
"அதுல பூச்சி எடையும் இருக்கு" என்றார் டாக்டர்.

மஞ்சள் சிரப், ஊசி கழற்றிய சிரிஞ்சு.
கடைவாயில் கொஞ்சம் போனது,
மிச்சம் என் நைட்டியில்.
டோஸ் கணக்குத் தப்பி
மறுபடி டாக்டருக்குப் போன் போட்டேன்.

மறுநாள் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஓரம்.
அவள் முதுகை வளைத்து உட்கார,
பழைய பேப்பரோடு எதிரில் நான் குந்தியிருந்தேன்.
வந்தது,
பிரிந்த நூல்கண்டாய், கொத்துக் கொத்தாய்.
என்னை அறியாமல் "சபாஷ்டி!" என்றேன்.
துணி காயப்போட வந்த ஹவுஸ் ஓனர் மகன்
ஈரப் பக்கெட்டோடு அப்படியே இறங்கிப் போனான்.

கிளவுஸ், பினாயில், கொதிக்கும் தண்ணீர்.
முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
வந்து மோவாயை நக்கினாள்.
மறுபடி கழுவினேன்.

ஒரு வாரத்தில் வயிறு உள்ளே போனது,
விலா எலும்புகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.
எஸ்தர் அக்கா கிரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"என்ன சகாயம், பச்சப் புள்ளைக்குச்
சோறே போடறதில்லையா?"

மளிகைக்கடைக் காலண்டரில்
இருபத்து மூன்றைச் சுழித்து வைத்திருக்கிறேன், இரண்டாம் டோஸ்.
அதுவரை எது எங்கே ஒளிந்திருக்கிறதோ.

கொள்ளு காலித் தட்டை நக்கி நக்கி
மொசைக் முழுக்கத் தள்ளிக்கொண்டு போகிறாள்.
முன்பும் இப்படித்தான் நக்கினாள்,
அது யாருடைய பசி என்று எனக்குத் தெரியாது.
சத்தம் தாங்காமல் கீழ்வீட்டில்
துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிக்கிறார்கள்.
இன்னொரு கரண்டி போட்டேன்.