பென்சில் மட்டும்

வியாழன், வெள்ளி விடுப்பு.
பதினேழாம் எண் பேருந்தை பிர்கெர் ஓட்டுவான்.
பிரேக் கொஞ்சம் இறுகும் என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.

விபோர்க் ஆவணக் காப்பகத்திலிருந்து பதில் வந்துவிட்டது:
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
நாளைக்கு மூன்று பெட்டி.
கையுறை வேண்டாம், கழுவிய கை போதும்.
அறை குளிராக இருக்கும்.
கையொப்பத்துக்கும் கீழே, நினைவு வந்து சேர்த்ததுபோல:
'தாளில் மணல் இருந்தால் ஊதிவிட வேண்டாம்.'

மணலா?
அக்காலத்து எழுத்தர்கள்
ஈர மசிமேல் மணல் தூவி உலர்த்துவார்களாம்.
இருநூறு வருடம் கழித்து விரித்தாலும்
மடியில் உதிருமாம்.

ஆறு வாரமாகப் பழைய எழுத்தைப் படிக்கப் பழகுகிறேன்.
கோழி கிளறிப்போட்ட மாதிரி ஒரு கையெழுத்து.
அதில் எ, ந இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்;
எது எது என்று பெற்றவளுக்கே தெரியாது.
கை பழகட்டும் என்று
கடைச் சீட்டையும் அப்படியே எழுதினேன்.
ஈஸ்ட் கேட்டதற்கு
ஆஸ்கெர் நூற்கண்டு வாங்கி வந்தான்.
சாம்பல் நிறம், நான்கு.
'கையுறை பின்னிக்கொள்' என்றான்.
'வேண்டாமாம்' என்றேன்.
அன்று ரொட்டி இல்லை.

தேடுவது ஸிட்ஸெலை.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு,
பக்கத்துப் பண்ணையின் செம்புப் பானை.
எங்கள் வீட்டில் அவள் பேச்சு வந்தால்
யாராவது ஒரு பாத்திரத்தை ஒளித்துவைத்துச் சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்.
வழக்கு அட்டவணையில் அவளுக்கு அரை வரி:
பண்ணை வேலைக்காரி. மறுத்தாள்.

அந்த 'மறுத்தாள்'தான்
இரண்டு மாதமாக என்னோடு பேருந்தில் வருகிறது,
டிக்கெட் எடுக்காமல், இறங்காமல்.
எப்படி மறுத்தாள்?
நின்றா? அழுதா?
சிரித்தே விட்டாளா?
எழுதத் தெரியாதவள்.
அவளுடைய 'இல்லை'யை எழுதியது வேறொருவன்.
சம்பளக் கை, நடுங்கியிருக்காது.
கீழே மூன்று சிலுவைக்கோடு இருக்கலாம்.
அது மட்டும் அவளுடையது.

பையில் இரண்டு பென்சில், துருவி, பூதக்கண்ணாடி,
வெளியே உட்கார்ந்து தின்ன அவித்த முட்டை,
பாதியில் நிற்கும் ஒரு சாம்பல் கழுத்துத்துண்டு.
நகம் வெட்டியாயிற்று.

'உண்மையாகவே திருடியிருந்தால்?'
இருட்டில் ஆஸ்கெர் கேட்கிறான்.
பானையின் எடை தெரிந்தால் போதும்,
எத்தனை தூரம் சுமந்திருப்பாள் என்று
கணக்குப் போட்டுவிடுவேன் என்கிறேன்.
அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.
அவன் தூங்கிவிட்டான்.

ஆறு பத்துக்கு வண்டி.
ஊதக் கூடாது.
அத்தனை பக்கத்தில் குனிந்து படிக்கும்போது
மூச்சை எந்தப் பக்கம் விடுவது?
முகத்தைத் திருப்பித் திருப்பி
தலையணைமேல் பழகிக்கொண்டிருக்கிறேன்.